வாய்க்கு இல்லாத வேப்பிலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் அக்டோபரில் ஒரு காரியம் செய்தேன். இன்றைக்கும் வீட்டில் விசேஷம் என்றால் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து ஓர் ஓடைக்கு இறங்கும். சரிவின் விளிம்பில் பெரிய மரம் ஒன்று. நான் வந்து இறங்கியபோது அது மொட்டையாக நின்றது, கிளை முழுக்க மஞ்சள் காய்கள் தொங்கின. செப்டம்பரில் துளிர்த்தது, அக்டோபரில் பூத்தது. ஒரு நாள் விடியற்காலை கதவைத் திறந்தால் இனிப்பான ஒரு வாசனை. கீழே பூ உதிர்ந்து கிடந்தது. எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவைக் கூட்டி அள்ளி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்து, வருஷம் முழுக்க ரசத்துக்கு வைத்துக்கொள்ளும் குடும்பம். கடல் தாண்டி வந்த இடத்தில் வாசலிலேயே வேம்பு என்றால் கை சும்மா இருக்குமா? பழைய படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கூட்ட ஆரம்பித்தேன். பூவில் ஊதா நிறம் ஓடியிருந்தது. பார்த்தேன்தான். இந்த ஊர் மண்ணுக்கு அப்படி இருக்கும் போல என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வேதியியலில் முதுகலை படித்தவள் செய்கிற சமாதானமா அது!

கணவரின் பாட்டி பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே எல்லோரும் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"அத என்னா பண்ணப் போற, கண்ணு?"

"காயவச்சு ரசம் வைக்கலாம்னு, ஆயா."

"ஐயையோ. அது மாரியம்மாவுக்கு. வாய்க்கு இல்ல."

"வேப்பம்பூதானே ஆயா?"

"வேப்ப மரந்தான். வாய்க்கு இல்ல."

அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நான் பூவை அப்படியே சரிவில் கொட்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. வேப்ப மரம் என்கிறார், வாய்க்கு ஆகாது என்கிறார். எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் வேம்பு, வயிற்றில் பூச்சி என்றால் வேம்பு, பல் விளக்க வேம்பு. இவர்களுக்கு மறந்துபோய்விட்டது, பேர் மட்டும் மிச்சம் என்று நினைத்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு வரும் திமிர் அது.

அந்த வாரமே ஒரு கொத்தை ஒடித்து மேஜையில் போட்டுப் பார்த்தேன். வேப்பிலை ஒரே ஈர்க்கின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் சற்று வளைந்து அரிவாள் போல. இந்த மரத்தில் ஈர்க்கு கிளைபிரிந்து, அந்தக் கிளை ஈர்க்குகளில்தான் இலைகள். ஒரு காம்பை ஒடித்தாலே சின்ன மரத்தை ஒடித்தது போல இருக்கும். காயும் வேறு. வேப்பம்பழம் நீள்வட்டம், பழுத்ததும் விழுந்துவிடும். இது உருண்டை, பழுத்த பிறகும் குளிர்காலம் முழுக்க மரத்திலேயே தொங்கும். சதையை நீக்கினால் வரிவரியாகப் பள்ளம் விழுந்த கொட்டை, நடுவில் இயற்கையாகவே துளை. ஊசி இல்லாமலே நூல் கோக்கலாம். உலகின் பல மூலைகளில் இதைக் கோத்து ஜெபமாலை செய்திருக்கிறார்கள், மணி மரம் என்றே அதற்குப் பேர்.

மரத்தின் பெயர் மெலியா அசெடராக். நம் ஊரில் மலைவேம்பு என்றும் துலுக்க வேம்பு என்றும் சொல்வார்கள், மலைவேம்பு என்ற பேரை இதன் இன்னோர் உறவுக்கும் சேர்த்து. தென்னாப்பிரிக்காவில் சிரிங்கா. இதுவும் கடன் வாங்கிய பேர்தான். சிரிங்கா என்பது ஐரோப்பாவின் லைலாக் செடிக்கு உரியது, பூவின் நிறமும் வாசனையும் ஒத்திருந்ததால் இதற்கும் ஒட்டிக்கொண்டது. ஜூலுக்காரர்கள் அதைத் தங்கள் வாயில் போட்டு உம்சிலிங்கா ஆக்கிவிட்டார்கள். ஆக, வெள்ளைக்காரர் தன் ஊர் லைலாக்கை இதில் பார்த்தார், நம் ஆட்கள் தங்கள் ஊர் வேம்பைப் பார்த்தார்கள். அவரவர் விட்டுவந்தது அவரவருக்குத் தெரிந்தது.

இந்தக் குழப்பத்துக்கு வெறும் ஏக்கத்தைக் காரணம் சொல்லிவிட முடியாது. பாரசீகத்தில் 'ஆசாத் திரக்த்' என்று ஒரு பேர் உண்டு, சுதந்திர மரம் அல்லது உயர்ந்த மரம் என்று பொருள். 1753-இல் லின்னேயஸ் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பேர் வைத்தபோது, இந்த இரண்டு மரங்களையும் மெலியா என்ற ஒரே பேரினத்தில் போட்டு, ஒன்றை அசெடராக் என்றும் மற்றதை அசாடிராக்டா என்றும் எழுதினார். இரண்டுமே அந்த ஒரே பாரசீகச் சொல்தான், எழுத்துக்கூட்டல்தான் வேறு. 1830-இல் அட்ரியன் டி ஜுஸ்ஸியூ வேம்பைத் தனியாகப் பிரித்து அசாடிராக்டா இண்டிகா ஆக்கினார். அதாவது தாவரவியலே 77 வருஷம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தது. ஆயாவை மட்டும் குறை சொல்வது நியாயமா?

சரி, நிஜ வேம்பு ஏன் கப்பலில் வரவில்லை?

ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபர் பாதியில் சென்னையை விட்டுக் கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கூட்டம். 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். ஒரு மாதத்துக்கு மேல் கடல். வேப்பங்கொட்டை அதற்குள் தன் உயிரில் பாதியை விட்டிருக்கும். நெல்லைப் போலக் காயவைத்துப் பல வருஷம் வைத்திருக்கக்கூடிய விதை அல்ல அது, விழுந்த சில வாரங்களுக்குள் முளைக்க வேண்டும். அதனால்தான் வரவில்லை என்று நானே ஒரு கொள்கை வகுத்து, ஒரு மாலை ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் வேலியோரம் கையைக் காட்டினார். அங்கே கறிவேப்பிலை. இந்த ஊரில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, இந்தி வீடு எது என்றாலும் கொல்லையில் ஒரு கறிவேப்பிலை நிற்கும். அதன் விதையும் வேப்பங்கொட்டையைப் போலத்தான், பழத்திலிருந்து எடுத்துப் போட்டு வைத்தால் சீக்கிரம் செத்துவிடும். "அது எப்பிடி வந்திச்சு அப்போ?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அவரே சொன்னார்: "கொழம்புக்கு வேணும்னா எப்பிடியாச்சும் கொண்டாந்திருவாங்க. சாமிக்கு வேணும்னா இருக்கிறதை வச்சுக் கும்புடுவாங்க."

என் கொள்கை அத்தோடு போயிற்று. ஆனால் அந்தப் பேச்சில் வேறொன்று கிடைத்தது. கறிவேப்பிலை என்ற சொல்லைப் பாருங்கள். கறிக்கு ஆகிற வேப்பிலை. தமிழ் ஏற்கனவே ஒரு முறை, இலையின் சாயலை வைத்து வேறொரு செடிக்கு வேம்பின் பேரைக் கொடுத்து, முன்னால் ஓர் ஒட்டைப் போட்டு அதன் பயனையும் சொல்லிவிட்டது. கறிவேப்பிலை வாய்க்கான வேப்பிலை. சரிவில் நிற்பது வாய்க்கு இல்லாத வேப்பிலை. ஆயா பேசியது மறதியில் அல்ல என்று எனக்கு முதலில் பட்டது அன்றைக்குத்தான்.

தாவரவியல்படி கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், வில்வமும் அதே குடும்பம். வேம்பும் மெலியாவும் மஹோகனிக் குடும்பம், மெலியேசி. இரண்டு குடும்பமும் பங்காளிகள், ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வருபவை. மெலியேசியில் சுமார் 50 பேரினங்கள், 600-க்கு மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் வெப்பநாட்டு மரங்கள். அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி பூதான். மகரந்தக் கம்பிகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாக இருக்கும். சிரிங்காவில் அந்தக் குழாய் கரும் ஊதா, அன்று நான் பார்த்தும் பார்க்காதது போல விட்ட நிறம் அதுதான். வேம்பில் குழாய் வெள்ளை.

குடும்பத்தின் பேரைத் தாங்கும் மஹோகனி அமெரிக்க வெப்பக் காடுகளின் சுவிட்டீனியா. வெட்டி வெட்டியே தீர்த்தார்கள். இன்று அதன் வணிகத்துக்கு உலகளவில் கட்டுப்பாடு இருக்கிறது. தோட்டமாக வளர்க்கலாமே என்றால், அதன் சொந்த மண்ணில் ஹிப்சிபைலா என்ற அந்துப்பூச்சியின் புழு நுனிக்குருத்தைத் துளைத்துவிடும். மரம் நேராக வளராமல் கிளைகிளையாகப் போய்விடும், பலகைக்கு ஆகாது. பூச்சிகளை விரட்டும் கசப்புக்குப் பேர்போன குடும்பத்தில், அந்தக் கசப்பையே தின்று வாழக் கற்றுக்கொண்ட ஒரு பூச்சி. எவ்வளவு பெரிய கோட்டையிலும் ஒரு பொந்து இருக்கத்தான் செய்யும்.

டர்பன் தெருக்களில் நடந்தால் இந்தக் குடும்பத்தின் நிழலில்தான் நடக்க வேண்டும். நேட்டால் மஹோகனி என்று இங்கே சொல்லும் மரம் டிரைக்கிலியா எமெட்டிகா. கரும்பச்சைக் குடை, கார்களை நிறுத்த எல்லோரும் சண்டை போடும் நிழல். எமெட்டிகா என்றால் வாந்தி எடுக்க வைப்பது. அதன் காய் மூன்றாக வெடித்தால் உள்ளே கறுப்பு விதை, அதைச் சுற்றிச் சிவப்புச் சதை. பார்த்தால் கண்ணுக்கு மை எழுதிய மாதிரி இருக்கும். இருவாச்சிகளுக்கு அந்தச் சதை பிரியம். மொசாம்பிக் பக்கம் இதை மஃபூரா என்பார்கள், சதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சமையலுக்கு ஆகும், உள்பருப்பிலிருந்து வரும் கொழுப்பு கசப்பு, சோப்புக்கும் மேல்பூச்சுக்கும்தான். ஒரே விதையில் வெளியே வாய்க்கு, உள்ளே மேலுக்கு. ஆயாவிடம் இதைச் சொன்னபோது "பாத்தியா" என்றார், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு காட்டு அக்கா உண்டு, டிரைக்கிலியா டிரெகியானா. ஜூலுவில் உமதுன்சினி. உம்துன்சி என்றால் நிழல். இரண்டையும் பிரித்துச் சொல்லக் காயின் கழுத்தைப் பார்க்க வேண்டும், எமெட்டிகாவின் காய்க்குக் காம்போடு சேரும் இடத்தில் ஒரு கழுத்து இருக்கும், அக்காவுக்கு இல்லை. இந்த அக்காவின் விதையும் காயவைத்தால் செத்துவிடும் ஜாதி. அப்படிப்பட்ட விதைகள் ஏன் சாகின்றன என்று பட்ரீசியா பெர்ஜாக், நார்மன் பம்மென்டர் இருவரும் டர்பனில், பல்கலைக்கழகத்தில் பல வருஷம் ஆராய்ந்தார்கள். அவர்கள் கையில் எடுத்த விதைகளில் இதுவும் ஒன்று. சைக்கிள் கடை வாசலில் காலில் மிதிபடும் விதைக்கு அப்படி ஒரு வாழ்க்கை.

எகெபெர்ஜியா கேப்பென்சிஸ் என்ற இன்னொரு மரமும் இங்கே தெருவோரங்களில் உண்டு. ஆந்தர்ஸ் ஸ்பார்மன் என்ற ஸ்வீடன்காரர், தன்னைக் கப்பலில் கூட்டிப்போன மாலுமித் தலைவர் எகெபெர்கின் பேரை அதற்கு வைத்தார். நன்றி சொல்ல இதுவும் ஒரு வழி.

இனி கசப்புக்கு வருகிறேன். நான் படித்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் அளந்துவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தின் கசப்பெல்லாம் லிமோனாய்டு என்ற ஒரு வகைப் பொருளிலிருந்து வருகிறது. பேர் எலுமிச்சையிலிருந்து வந்தது. எலுமிச்சை விதையைக் கடித்தால் வரும் கசப்பு லிமோனின், அதன் அமைப்பை 1960-இல்தான் முழுதாகக் கண்டுபிடித்தார்கள். மரம் முதலில் 30 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு பொருளைச் செய்கிறது. அப்புறம் அதன் வாலிலிருந்து நான்கு கார்பனைக் கழித்துவிட்டு, மிச்ச வாலைச் சுருட்டி, ஓர் ஆக்சிஜனோடு சேர்த்து ஐங்கோண வளையமாக முடிகிறது. இப்போது கையில் 26 கார்பன். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் உடம்பில் நான்கு வளையங்கள், ஒன்றோடொன்று ஒட்டி.

எங்கள் ஊரில் நாலு கட்டு வீடு என்பார்களே, முன்கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பின்கட்டு என்று. அதுதான். ஒவ்வொரு மரமும் இந்த வீட்டில் எந்தச் சுவரை இடிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். எலுமிச்சை முதல் கட்டையும் நாலாம் கட்டையும் உடைத்துத் திருத்திக் கட்டுகிறது. மஹோகனி இரண்டாம் கட்டையும் நாலாம் கட்டையும். டிரைக்கிலியாவில் நாலு கட்டும் இடிபடாமல் நிற்கிற பொருள்களும் உண்டு. வேம்பு மூன்றாம் கட்டை உடைக்கிறது. உடைத்த இடத்தில் புதிய சுவர், புதிய வாசல், மேலே ஒட்டு வேலை என்று போய்க்கொண்டே இருந்து கடைசியில் அசாடிராக்டினில் முடிகிறது. 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். 26 போக மீதி 9 கார்பனும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியவை.

ஹைன்ரிக் ஷ்முட்டெரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படையெடுப்பைப் பார்த்தார். எல்லாம் மொட்டையான பிறகும் வேம்பு மட்டும் பச்சையாக நின்றது. 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு சரியாகத் தெரிய 1985 வரை ஆயிற்று. ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்து முடிக்கக் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 வருஷம் பிடித்தது, 2007-இல் முடித்தார்கள். வேப்பமரம் ஒவ்வொரு கோடையிலும் சத்தமில்லாமல் கொட்டைக்குள் செய்து வைக்கிற சரக்கு.

அது பூச்சியை அடித்துப் போடும் விஷம் அல்ல. முதலில் வாய்க்குக் கசக்கும், தின்னாமல் போய்விடும். தின்றுவிட்ட புழுவுக்குத் தோல் உரிக்கும் நேரத்தில் சுரக்க வேண்டிய ஹார்மோன் சரியாகச் சுரக்காது. பழைய சட்டை கழலாமல், புதிய உடம்பு வளராமல் நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும். வேப்பங்கொட்டைக் கரைசலைச் சாயந்தரம் தெளிக்கச் சொல்வது அதனால்தான்.

இதையெல்லாம் நான் மதுரையில் புத்தகத்தில் படித்தேன். இங்கே வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. மெலியேசியின் லிமோனாய்டுகளைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமான இருவர், டி. ஏ. எச். டெய்லரும் டல்சி மல்ஹாலண்டும், வேலை செய்தது டர்பனில், நேட்டால் பல்கலைக்கழகத்தில். மதுரையில் நான் மனப்பாடம் செய்த சுவரிடிப்புக் கதையில் ஒரு பங்கு, என் புகுந்த வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் எழுதப்பட்டது.

இனி சிரிங்கா. அதுவும் வேம்பைப் போல மூன்றாம் கட்டை உடைக்கத் தெரிந்த மரம்தான். மெலியாகார்ப்பின் என்று அதன் பொருள் ஒன்று, அசாடிராக்டினுக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும், பூச்சிக்கும் ஆகாது. ஆனால் சிரிங்கா இன்னொரு வேலையும் செய்கிறது. நாலு கட்டையும் இடிக்காமல் வைத்துக்கொண்டு, குறுக்கே ஓர் ஆக்சிஜன் பாலத்தைப் போட்டுச் சில பொருள்களைச் செய்கிறது. அவற்றில் நான்கை 1980-களில் ஆஸ்திரேலியாவில் அதன் பழத்திலிருந்து பிரித்து மெலியாடாக்சின் என்று பேர் வைத்தார்கள். பன்றிகள் தின்று சாகின்றன, ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்தவை. பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் அதே பழத்தைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் பறக்கின்றன. பன்றிக்கும் நாய்க்கும் மனிதக் குழந்தைக்கும்தான் ஆகாது. வயிற்றில் ஆரம்பித்து நரம்பு வரை போகும்.

பக்கத்து வீட்டு நாய் ஒரு ஜூலையில் உதிர்ந்த பழங்களைத் தின்றுவிட்டு விடிய விடிய வாந்தி எடுத்தது, பிழைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் ஆயாவிடம் நேராகக் கேட்டேன், வாய்க்கு இல்லை என்று யார் சொன்னது என்று. அவருடைய அம்மா சொன்னாராம். கரும்புத் தோட்டத்து லைனில் யாரோ வளர்த்த பன்றி அந்தக் காயைத் தின்றுவிட்டுச் செத்ததை அந்த அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அத்தோடு அந்த வீட்டில் சட்டம் ஆகிவிட்டது. அம்மை போட்டால் இலையால் வருடலாம், தண்ணீரில் போட்டுக் குளிக்கலாம், வாசலில் செருகலாம், கரகத்தில் கட்டலாம். அரைத்துக் கொடுக்கக் கூடாது. பூவைத் தொட்டுப் பார்க்கலாம், ரசத்தில் போடக் கூடாது.

எண்ணிப் பார்த்தேன். ஊரிலிருந்து வரும்போது வேம்புக்கு இருபது பயன் இருந்திருக்கும். இங்கே வந்து, வேறு மரத்தைப் பார்த்து, அதற்கு அந்தப் பேரைக் கொடுத்து, அந்த இருபதில் எது எது இந்த மரத்துக்குப் பொருந்தாது என்று ஒவ்வொன்றாகக் கழித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். நான் மறதி என்று நினைத்தது இதைத்தான்.

இதைச் சொல்லும்போது நிஜ வேம்பைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனசில்லை. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டி, ஈரலும் மூளையும் பாதித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள். நம் அப்பத்தாக்கள் சங்கில் ஊற்றியது நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. கசந்தால் மருந்து என்பது நாமே வளர்த்துக்கொண்ட நம்பிக்கை, மரம் நமக்கு அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

2023 ஜனவரியில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் ஆன் ஆஸ்பர்ன் குழுவும், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்லி குழுவும் சேர்ந்து, மரம் இந்த நாலு கட்டு வீட்டை எப்படிக் கட்டுகிறது, எந்த நொதி எந்தக் கல்லை வைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த மரபணுக்களைப் புகையிலையின் உறவுச் செடி ஒன்றில் புகுத்தி, அதன் இலையில் லிமோனாய்டை வரவைத்தார்கள். ஒரு பக்கம் எலுமிச்சை இனம். இன்னொரு பக்கம் மஹோகனிக் குடும்பத்திலிருந்து ஒரு மரம் வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்டது வேம்பை அல்ல, மெலியா அசெடராக்கை. அதன் மரபணுக்களை வைத்துச் செய்து காட்டிய பொருள் அசாடிரோன், வேம்பிலும் இருப்பது, அசாடிராக்டினுக்குப் போகும் வழியில் ஆரம்பப் படி என்று கருதப்படுவது.

கைபேசியில் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்றேன். ஆயா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி என்ன சொல்வது? உங்கள் வேப்பிலை கொஞ்சம் வேப்பிலைதான் என்றா? அது அவருக்குத் தெரியும்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. சிரிங்கா இந்த நாட்டில் அந்நியப் படையெடுப்புத் தாவரம். பறவைகள் பழத்தைத் தின்று ஆற்றோரமெல்லாம் போட்டு, அங்கே நாட்டு மரங்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஊருக்கு வெளியே கண்டால் ஒழிக்க வேண்டும், நகரத்துக்குள் இருக்கிற மரத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக நடவோ விற்கவோ கூடாது. 1960-களில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தால் இந்தக் குடும்பம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து விழுந்தபோதே சரிவில் கன்றாக நின்ற மரமாம். ஓடைக்கு அது செய்யும் கெடுதல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் கீழே முளைத்த கன்றுகளை நானும் கணவரும் இறங்கிப் பிடுங்குகிறோம். தாய் மரத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

இன்னொரு சிக்கல் மாதத்தில். ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் திருவிழாக்களுக்கு இலை கிடைத்துவிடும். கூழ் ஊற்றுவது ஆடியில். ஊரில் ஆடி என்றால் வேம்பு பச்சைப் பசேல் என்று நிற்கும். இங்கே ஆடி குளிர்காலம், சிரிங்கா இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் காயோடு நிற்கும். அதற்கும் ஆயா வழி வைத்திருந்தார். மார்கழி வாக்கில் தாழ்ந்த கிளை ஒன்றை அடியோடு வெட்டச் சொல்வார். வெட்டிய இடத்தில் தடித்த துளிர்கள் வரும், ஓடைப் பக்கம் காற்றுப் படாத மறைவில் அவை ஆடி வரை இலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நாற்பது ஐம்பது வருஷமாக இதே ஏற்பாடு. நான் ஊர்த் திமிரில் பார்த்தபோது பெரிய மரம் மட்டும்தான் கண்ணில் பட்டது, அந்தத் துளிர்கள் தெரியவில்லை.

போன வருஷம் கணவர் ஒரு நாற்றங்காலில் நிஜ வேப்பங்கன்று வாங்கிவந்தார். டர்பனில் உறைபனி கிடையாது, வேம்பு வரும். தொட்டியில் வைத்துப் பின்வாசலில் வெயிலில் வைத்தோம். ஆயா ஒரு இலையைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார். 88 வயதில் முதல் முறையாக.

"எப்படி ஆயா?"

"கசக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் கசக்குது" என்றார்.

ஆனி கடைசியில் ஒரு காலை குரங்குகள் வந்தன. சாட்ஸ்வொர்த்தில் வெர்வெட் குரங்குகள் இல்லாத கூரை இல்லை. வாழைப்பழத் தோலுக்கு வந்தவை தொட்டியைச் சாய்த்து, கன்றின் நுனியை ஒடித்து, ஒவ்வொன்றாக வாயில் வைத்து, ஒவ்வொன்றாகத் துப்பிவிட்டுப் போயிருந்தன. தரையெல்லாம் மென்ற பச்சை. கன்றில் மிஞ்சியது ஒரே ஒரு ஈர்க்கு.

ஆடி ஞாயிறு கூழுக்குக் கணவர் வழக்கம்போல ஓடைப் பக்கம் இறங்கிச் சிரிங்காத் துளிர் வெட்டிக்கொண்டு வந்தார். ஆயா கட்டாகக் கட்டினார், கை நடுங்கியதால் நூலை நான் பிடித்துக்கொண்டேன். கட்டி முடித்த பிறகு தொட்டிப் பக்கம் பார்த்தார். அந்த ஈர்க்கை ஒடித்துவரச் சொல்வார் என்று எழுந்தேன்.

"விடு, பாப்பா. வளரட்டும்" என்றார்.